சிங்கப்பூர் ஆறு: கிம் செங் பாலத்திலிருந்து கடலணை வரை

சிங்கப்பூர் ஆறு, அலெக்சாண்ட்ரா கால்வாய் வந்து சேரும் கிம் செங் பாலத்தருகே தொடங்கி, மூன்று கிலோமீட்டரைச் சற்றே கடந்ததும் மரினா விரிகுடாவில் கலந்துவிடுகிறது. நீளத்தில் மிகச் சிறியதாயினும், ஒரு துறைமுக நகரம் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பிழைப்புக்கு நம்பியிருந்தது இதைத்தான்.

மேல்முனையிலுள்ள ராபர்ட்சன் கீயில் முன்பு கிடங்குகளும் படகுப் பட்டறைகளும் இருந்தன, இன்று அடுக்குமாடி வீடுகளும் தங்கும் விடுதிகளும் இருக்கின்றன என்பதற்கு மேல் சொல்ல அதிகமில்லை. அடுத்துள்ள கிளார்க் கீயின் கிடங்குகள் 1993-இல் உணவகங்களும் கேளிக்கைக் கூடங்களுமாக மறுபடி திறக்கப்பட்டன.

ஆறு வளைந்து அகலும் போட் கீயே இந்நீர்வழியின் உயிர்நிலை. தொங்கான் எனப்பட்ட சரக்குப் படகுகள் கப்பல்களிலிருந்து இறக்கிய மூட்டைகளை இங்குக் கொண்டுவர, கூலியாட்கள் படகுக்கும் கரைக்கும் இடையே போட்ட ஒடுக்கமான பலகைமீது அவற்றைத் தோளில் சுமந்து கடைவீடுகளுக்குள் அடுக்கினர். கடைவீடு என்பது கீழே வணிகமும் மேலே குடியிருப்புமாக, முகப்பில் 'அஞ்சடி' என்னும் கூரையிட்ட நடைபாதையுடன் அமைந்த கட்டடம். தொடக்கக் காலப் படகோட்டிகளில் பலர் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற சூலியா முஸ்லிம்கள். பின்னர் அத்தொழில் சீனர் கைக்கு மாறியது. சற்று உள்ளே, தமிழர் செட்டித் தெரு என்றழைத்த மார்க்கெட் தெருவில் நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே நீண்ட கூடத்தில் பல வட்டிக்கடைகள் அடுத்தடுத்து இயங்க, ஒவ்வொருவரும் சிறு மேசைப்பெட்டியின் முன் சம்மணமிட்டுக் கணக்கெழுதிய அவ்விடங்களிலிருந்து, சீன வணிகர்களுக்கும் மலாயா ரப்பர்த் தோட்டங்களுக்கும் கடன் சென்றது.

நெரிசல் மிகுந்த இக்கரையின் கழிவுகளோடு, மேற்பகுதியின் குடிசைகள், பன்றிப் பண்ணைகள், தெருவோர உணவுக்கடைகள் ஆகியவற்றின் கழிவும் சேர்ந்து ஆற்றைச் சாக்கடையாக்கின. 1977-இல் பிரதமர் லீ குவான் இயூ பத்தாண்டுக் கெடு விதிக்க, கரையோரக் குடும்பங்கள் அரசு அடுக்குமாடிகளுக்கும் கடைக்காரர்கள் உணவங்காடி நிலையங்களுக்கும் மாற்றப்பட்டனர்; 1983-இல் தொங்கான்கள் பாசிர் பாஞ்சாங்கிற்கு அகற்றப்பட்டன; 1987-இல் ஆறு தூய்மையடைந்தது. அந்த வெற்றியை யாரும் மறுக்க முடியாது. ஆனால் 1989-இல் போட் கீ மரபுப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டபோது, அங்கே காக்கப்படுவதற்குச் சுவர்களும் ஓட்டுக்கூரைகளுமே எஞ்சியிருந்தன. அக்கட்டடங்களுக்குப் பொருள் தந்த தொழில் ஆறு ஆண்டுகளுக்கு முன்பே வெளியேறிவிட்டது. கிட்டங்கிகளுக்கு அந்த அரைகுறைக் காப்பும் வாய்க்கவில்லை. நகரச் சீரமைப்பில் அவை இடிக்கப்பட்டன. இன்று மார்க்கெட் தெருவில் 280 மீட்டர் உயரத்தில் கேப்பிட்டாஸ்பிரிங் கோபுரம் எழுந்து நிற்கிறது.

முகத்துவாரத்தை நெருங்கும் இடத்தில் 1869-இல் திறக்கப்பட்ட கேவனா பாலம் உள்ளது. கிளாஸ்கோவில் வார்க்கப்பட்ட இரும்பால் அமைந்த இது மிகத் தாழ்வாகக் கட்டப்பட்டதால், ஏற்றத்தின்போது தொங்கான்கள் நீர் வற்றும்வரை காத்துக்கிடக்க நேர்ந்தது. மாடு, குதிரைகளுக்குத் தடை கூறும் பழைய அறிவிப்புப் பலகை மட்டும், விலக்குவதற்கு விலங்கு எதுவுமின்றி, இன்னும் அங்கே நிற்கிறது. அதைத் தாண்டி, 2008-இல் திறக்கப்பட்ட மரினா கடலணை உப்புநீரைத் தடுத்து விரிகுடாவை நன்னீர் ஏரியாக்கியுள்ளது. ஒரு காலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த அந்த ஆற்றின் நீர் இப்போது சுத்திகரிக்கப்பட்டு நகரத்தின் குடிநீரில் சேர்கிறது.