கவ்வாத்தா, மறுநடுகையா?

தேயிலைச் செடி முதிர்ந்து கொழுந்து குன்றும்போது தோட்டத்தில் இரு வழிகள் உண்டு. ஒன்று, கவ்வாத்து வெட்டி மீண்டும் தளிர்க்க விடுதல். மற்றது, வேரோடு பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று நாட்டல். றொசல்லயில் வாழும் எமக்கு இவ்விரண்டும் கண்கூடு. அதே கேள்வி இப்பொழுது எமது இல்லத்துக் கணினியைப் பற்றியும் எழுந்துள்ளது.

2015 ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடித்துக்கொண்டது. அதனாற் கணினி நின்றுவிடாது. ஆயினும் புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமற் போகலாம். ஆகவே விண்டோஸ் 11க்கு மாறுவதென்பது முடிவாயிற்று. எஞ்சிய ஐயம் ஒன்றே: இருப்பதன் மேலேயே புதியதை ஏற்றுவதா, அன்றி வன்தட்டை முற்றாகத் துடைத்து அடியிலிருந்து நிறுவுவதா?

மேலே ஏற்றினால் கோப்புகள் நிலைக்கும்; பல்லாண்டுக் குப்பையும் உடன் நிலைக்கும். துடைத்து நிறுவினாற் குப்பை ஒழியும். ஆனால் முன்னரே எடுத்துவைக்காத எதுவும் மீளாது.

கோப்புகளைப் பிரதியெடுத்தாற் போதுமே என்பர். தமிழிற் பழைய கோப்புகளை வைத்திருப்போர்க்கு அது போதாது. எமது தந்தையார் சொல்லக் கேட்டு நாம் பதிந்த குடும்ப வரலாறு பாமினி எழுத்துருவில் உள்ளது. அதில் தமிழெழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் அமர்ந்துள்ளன. பாமினி இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே தோன்றும். புதிய இயங்குதளத்துடன் பாமினி வருவதுமில்லை. கோப்பு இருக்கும், படிக்க இயலாது.

மலையகத்தார் இதனைச் சிறு காரியமென்று எண்ணலாகாது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இலங்கையிற் பிறந்தவரிடமும், தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. அதனைக் காட்ட வழியின்றி இலட்சக்கணக்கான தோட்டத் தமிழர் நாடற்றோராயினர். பாட்டனார் எவ்வூரிலிருந்து வந்தார், எத்தோட்டத்திற் பேர் பதிந்தார் என்று எழுதிய ஏடு எமக்கு வெறுங் கோப்பன்று.

பழந்தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் உடனே கன்று நடுவதில்லை. மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்த்து, ஏறத்தாழ ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் மண்ணைத் தேற்றிய பின்னரே நடுவர். கணினிக்கும் அத்தகைய இடைக்காலம் வேண்டுமென்று நாம் துணிந்தோம். முதலிற் பாமினிக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றி, மூலத்துடன் வரிக்கு வரி ஒப்பிடுவோம். மாற்றியது, மூலம், எழுத்துரு ஆகிய மூன்றையும் இரு வேறு சேமிப்புத் தட்டுகளில் வைப்போம். வேறொரு கணினியில் அவற்றைத் திறந்து படித்துப் பார்ப்போம். அதன் பின்னரே துடைத்து நிறுவல்.

இதற்கு ஒரு மாதம் செல்லினும் குறையில்லை. மாணவர்களும் தம் பெற்றோரின் பழைய கோப்புகள் எந்த எழுத்துருவில் உள்ளன என்பதைத் துடைப்பதற்கு முன்னர் பார்த்துக்கொள்வார்களாக. புதிய கணினியைக் கடையில் வாங்கலாம். தந்தையார் சொல்லிய சொல்லை எங்கே வாங்குவது?