ஐயாயிரம் பேருக்கு ஒரு நர்சம்மா

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதாவது ஒரு கிராம சுகாதார செவிலியர், ஊரார் வாயில் நர்சம்மா. மலைப்பகுதியிலும் பழங்குடியினர் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று. இது நாடு முழுவதற்குமான அரசுக் கணக்கு. மலையில் ஏறி இறங்க நேரம் பிடிக்கும் என்பதால் அந்தச் சலுகை, நியாயம்தான். ஆனால் கோவில்பட்டிக்குக் கிழக்கே, விளாத்திகுளம் வட்டத்துப் புதூரைச் சுற்றியுள்ள கரிசல் பூமியில் மலை இல்லை. அதனாலேயே இது சமவெளிக் கணக்கில் விழுகிறது. தலைகளை எண்ணினால் மட்டும் போதாது, ஊருக்கும் ஊருக்கும் இடையே உள்ள தூரத்தையும் எண்ண வேண்டும் என்பதே என் கட்சி.

மானாவாரிச் சீமையில் ஊர்கள் சிறியவை. நடுவே கம்பும் உளுந்தும் மக்காச்சோளமும் விளையும் காடுகள். ஐயாயிரம் பேரைச் சேர்க்கப் பல ஊர்களைக் கூட்ட வேண்டும். ஐப்பசி மழையில் நர்சம்மா வண்டிப்பாதையில் இறங்கினால், மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே கரிசல் அப்பிக்கொண்டு ஸ்கூட்டர் நின்றுவிடும். குச்சியால் சுரண்டிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். போய்ச் சேர்ந்தாலும் வீடு பூட்டியிருக்கும். பெண்கள் தீப்பெட்டி ஆபீசிலோ, களையெடுப்பிலோ, நூறு நாள் வேலையிலோ இருப்பார்கள். ஆகவே பொழுது சாய்ந்தபின் இன்னொரு நடை. இதற்கிடையில் புதன்கிழமை தடுப்பூசி, கர்ப்பிணிகளைப் பிக்மி இணையதளத்தில் பதிவது, முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகைக்கான விவரங்கள் என்று எழுத்துவேலை வேறு.

சாலை வந்துவிட்டது, 108 வந்துவிட்டது, பிரசவம் ஆஸ்பத்திரியில்தானே என்று கேட்கலாம். உண்மை. ஆனால் ஆம்புலன்ஸ், கூப்பிட்டால் வருவது. நர்சம்மா, கூப்பிடாமலே வருபவர். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இறங்கினால் ரத்தசோகை. சத்து மாத்திரையை ஆஸ்பத்திரி கொடுத்தனுப்பும். குமட்டுகிறது என்று பாதி அட்டை அலமாரியில் கிடப்பதை வீட்டுக்கு வருபவர்தான் பார்க்க முடியும். சாப்பாட்டுக்குப் பின் இரவில் போடு என்று சொல்லி வழிக்குக் கொண்டுவரவும் முடியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், வீட்டு வாசலில் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளைச் சேர்க்கிறது என்பதும் சரியே. அந்தத் திட்டத்தின் தன்னார்வலர்கள் நர்சம்மாவுக்குத் துணை. அவருக்கு மாற்று அல்ல. அவர்களால் தடுப்பூசி போட முடியாது.

இன்னொரு தடை, இளையவர்கள் வெளியூர் போய்விட்டார்கள், பிரசவங்கள் குறைந்துவிட்டன என்பது. அப்படியானால் ஊரில் தங்கியிருப்பது யார்? வயதானவர்கள். பிரசவம் ஒரு வருடத்துக் கணக்கு. ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் ஆயுசுக் கணக்கு. தலை குறைந்தாலும் வேலை குறையவில்லை, தூரமும் குறையவில்லை.

செலவு கூடும் என்பதை மறுக்கவில்லை. முடிந்த இடத்தில் முதலில் எழுத்துவேலைக்கு ஓர் ஆளைக் கொடுக்கட்டும். அடுத்து, ஊர்கள் சிதறிக் கிடக்கும் வட்டாரங்களுக்கு மலைக்குரிய 3,000 என்ற அளவையே வைக்கட்டும். மலைக்குக் காட்டிய நியாயத்தைக் கரிசலுக்கும் காட்டுங்கள். அதற்கு மேல் இந்தச் சீமை எதையும் கேட்கவில்லை.