முதல்ல கேட்டை அளங்க

ஏபெக்ஸ், வட கரோலினா
ஏப்ரல் கடைசி ஞாயிறு

ஏட்டி கோமு,

"புல்லு வெட்டுத மெஷினுக்கு லட்சத்துக்கு மேலயா? ரெண்டு ஆட்டைப் பிடிச்சுக் கட்ட வேண்டியதுதானட்டி"ன்னு போன்ல கேட்டுட்டு அந்தச் சிரிப்புச் சிரிச்சியே. ஆடு வளக்க எங்க குடியிருப்புச் சங்கம் விடாது. கோழிக்கே மூக்கைச் சிந்துத கூட்டம் அது. அன்னைக்கு அத்தை பக்கத்துலயே உக்காந்திருந்தாக, பாதியை முழுங்கிட்டேன். மிச்சத்தை இதுல எழுதுதேன். வாசிச்சுட்டு அண்ணன்கிட்ட காட்டாத, அவுக நேரா இவுகளுக்குப் போன் போட்டுருவாக.

கேரியில இருந்தப்ப எங்களுக்குப் புல்லுப் பிரச்சினையே கிடையாது. வரிசை வீடு, வெட்டுததுக்குச் சங்கமே ஆள் அனுப்பும். பொழுதுபோனா வெங்கடேசுவரர் கோயிலுக்கு நடந்துரலாம். அந்த 87 அடி ராஜகோபுரத்தை 2022-ல திறந்தாகல்லா, போட்டோ அனுப்பினேனே, அந்தக் கோயில்தான். இங்க ஏபெக்ஸ் பக்கம் வந்ததுக்கு இவுகளோட ஆசைதான் காரணம். முக்கால் ஏக்கர். வீடு, கார்ப் பாதை, பைன் மரக்கூட்டம் எல்லாம் போக அரை ஏக்கர் புல்லு. முன்பக்கம் சமதளம். பின்பக்கம் வேலி போட்டது, ஓடையைப் பாத்துச் சரிஞ்சு இறங்குது. இடத்தைப் பாத்து மயங்கினவுகளுக்கு முதுகுல டிஸ்க் பிரச்சினை. பையன் காலேஜ் ஹாஸ்டல்ல. அப்போ தள்ளப்போறது யாரு? உன் சிநேகிதிதான்.

தள்ளுததுல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல. காதை மூடிக்கிட்டு ஒரு மணி நேரம் யாரும் என்னை எதுவும் கேக்க முடியாத ஒரே இடம் அதுதான். ஆனா தள்ளப்போறவளைக் கேக்காம ஊரே மெஷின் தேடுச்சு பாரு, அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

வெட்டாமலே விட்டா என்னன்னு நீ கேப்ப. விட முடியாது. புல்லு கணுக்காலைத் தாண்டினா சங்கத்துல இருந்து கடுதாசி வரும். இந்த வழக்கம் எங்க இருந்து வந்துச்சுன்னு வாசிச்சுப் பாத்தேன். நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டுல 1947-ல லெவிட்டவுன்னு ஒரே மாதிரி வீடுகளா ஒரு ஊரையே கட்டியிருக்கான். அங்க குடிவந்தவன் வாரம் ஒரு தடவை புல்லு வெட்டணும், வேலி போடக்கூடாது, துணிக்கொடியையும் நினைச்ச இடத்துல கட்டக்கூடாது. ஆரம்பத்துல போட்ட அந்த ஒப்பந்தத்துலயே வெள்ளைக்காரர் அல்லாதவுக குடியிருக்கக்கூடாதுன்னும் ஒரு ஷரத்து. புல்லுக்கும் தோலுக்கும் ஒரே காகிதத்துல சட்டம். இப்ப அந்தத் தோல் ஷரத்து செல்லாது. புல்லு மட்டும் நம்ம தலையில. இந்த நாட்டுல புல்தரை மட்டும் ஏறக்குறைய 1,28,000 சதுர கிலோமீட்டர் இருக்கும்னு நாசாக்காரங்க 2005-ல கணக்குப் போட்டிருக்காங்க. நம்ம தமிழ்நாடே 1,30,000தான். கன்னியாகுமரியில இருந்து திருத்தணி வரைக்கும் முழுக்கப் புல்லா நினைச்சுக்கோ. அதுல அரை ஏக்கர் என் பங்கு.

ஒரு வேடிக்கை கேளு. பின்பக்கம் இருக்கது பெஸ்கியூன்னு ஒரு புல்லு. குளிருக்கு ஆன சாதி, வசந்தத்துலயும் இலையுதிர் காலத்துலயும் பேயா வளரும். முன்பக்கம் வெயில் அடிக்கத இடத்துல தானா வந்து உக்காந்திருக்கது இவுக பெர்முடான்னு சொல்லுதது, நம்ம அருகம்புல்லேதான். பெஸ்கியூ வளக்கவுக அதைக் களைன்னு மருந்தடிச்சுக் கொல்லப் பாக்காக, அது செத்தா அருகா? ஆவணியில பிள்ளையாருக்கு நான் முன்வாசல்லயே பறிச்சுக்கிடுதேன். மருந்துக்காரனை அந்தப் பக்கம் விடுததே இல்ல. இதுல தொல்லை என்னன்னா, பெஸ்கியூவை மூணு இஞ்சுக்குக் குறையாம விட்டு வெட்டணும், அருகை ரெண்டு இஞ்சுக்குள்ள வைக்கலாம். அதனால உயரம் மாத்துத லீவர் சுலபமா இருக்கணும். சில மெஷின்ல நாலு சக்கரத்துக்கும் தனித்தனியாக் குனிஞ்சு குனிஞ்சு மாத்தணும். அதெல்லாம் அப்பவே தள்ளிட்டேன்.

சரி, அளவுக்கு வாறேன். வீட்டுக்கு வீடு இருக்கது 21 இஞ்ச் மெஷின், ஒரே பிளேடு. அரை ஏக்கரை அதால வெட்ட, ஒரு வரி மேல ஒரு வரி படாமப் போனாக்கூட நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மியா நடக்கணும். நெசத்துல படத்தான் செய்யும், அப்போ நாலுக்கு மேலயே ஆகும். 30 இஞ்சுக்கு அதே கணக்கு ரெண்டே முக்கால் கிலோமீட்டருக்குள்ள அடங்கிரும். 36 இஞ்சுக்கு ரெண்டேகால். நல்லாப் பாரு, 21-ல இருந்து 30-க்குப் போனா ஒரு கிலோமீட்டருக்கு மேல மிச்சம், அங்க இருந்து 36-க்குப் போனா அரைக் கிலோமீட்டர்கூட இல்ல. ஆனா 30-க்கு ஆயிரத்துல இருந்து ரெண்டாயிரம் டாலருக்குள்ள கேக்கான், 36-ன்னா புல்லு வெட்டுதத் தொழில்காரங்க மெஷின், நாலாயிரத்துக்கு மேல. கனமும் இருநூறு கிலோவை ஒட்டி வந்துரும். இந்தக் கணக்கை ஒரு காகிதத்துல போட்டு இவுக கையில குடுத்தேன். "வட்டமேசை மாநாட்டுல பேசிக்கிடலாம்"னாக. மாநாடுன்னா வெள்ளிக்கிழமை ராத்திரி, நாலு வீட்டு ஆம்பளைங்க, என் கையால போட்ட பஜ்ஜி.

அந்த மாநாட்டைக் கேட்டிருக்கணும் நீ. ஒருத்தரு உக்காந்து ஓட்டுத மெஷின்தான் கௌரவம்னாரு. இன்னொருத்தரு எத்தனை குதிரைசக்தின்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. அடுப்படியில இருந்து நான் சொன்னேன்: அண்ணாச்சி, இந்தக் குதிரைக் கணக்கை ஊதிக் காட்டுனாகன்னு பல கம்பெனிங்க மேல சேத்து வழக்குப் போட்டு, 2010-ல கோடிக்கணக்குல சமரசம் ஆயிருக்கு, இப்ப நிறைய மெஷின்ல குதிரையையே காணோம், சி.சி.யும் முறுக்குவிசையும்தான் எழுதியிருக்கான்னு. அதுக்கப்புறம் அவரு பஜ்ஜியை மட்டும் பாத்துக்கிட்டாரு.

உக்காந்து ஓட்டுததுல என்ன குறைன்னு கேக்காத. எதுத்த வீட்டம்மா வீட்டுக்காரரு வாங்கி வச்சிருக்காரு, நின்ன இடத்துலயே சுத்துமே, அந்த ரகம். சமதளத்துல ராசா. சரிவுல, அதுவும் ஈரத்துல, சறுக்கினா நிக்காது. அந்த மாதிரி மெஷினுக்கெல்லாம் பதினஞ்சு டிகிரிக்கு மேல ஏத்தாதேன்னு புத்தகத்துலயே பெரும்பாலும் போட்டிருப்பான், தண்ணிக் கரைப் பக்கமும் போகாதேம்பான். எங்க பின்பக்கம் ரெண்டும் இருக்கு. உக்காந்து ஓட்டுததைச் சரிவுல மேலும் கீழுமா ஓட்டணும். நடந்து தள்ளுததை அப்படி இல்ல, குறுக்க ஓட்டணும். மேலும் கீழுமாத் தள்ளினா கால் வழுக்கி மெஷின் அடியில நாம போயிருவோம், இல்ல மெஷின் நம்ம மேல வந்துரும்.

இப்ப உனக்கு மட்டும் சொல்லுதேன். மாநாட்டுல ரொம்பச் சத்தம் போட்ட அண்ணாச்சி, ரெண்டு தெரு தள்ளி இருக்காரு, எங்களுக்கு முந்தியே 36 வாங்கிட்டாரு. லாரியில இறக்கியாச்சு, தேங்காய் உடைச்சாச்சு, பின்பக்க கேட்டுக்குள்ள போகமாட்டேங்குது. கேட்டும் 36 இஞ்ச்தானேன்னு நம்பிட்டாரு. கீலும் கொண்டியும் ஒரு இஞ்சை முழுங்கிரும்லா. மெஷின்லயோ 36-ங்கது பிளேடு வெட்டுத அகலம், தகடு அதுக்கு வெளிய, பக்கவாட்டுல புல்லைத் துப்புத மூடி அதுக்கும் வெளிய. மடக்கி வச்சாலும் இடிக்குது. கடைசியில தூணைப் பேத்து நட்டாக, சிமெண்ட் செலவு தனி. அவரு வீட்டு அக்கா முகத்தை நீ பாக்கணும். கோயில்ல என்னைக் கண்டதும் சன்னமா, "முதல்ல கேட்டை அளங்க"ன்னுதான் சொன்னாக. வேற ஒண்ணும் சொல்லல. இத்தனை ஆம்பளைங்க பேசினதுல இல்லாத விவரம் அந்த மூணு வார்த்தையில இருந்துச்சு. அன்னைக்கே டேப்பை எடுத்தேன். எங்க கேட் சுத்தமா முப்பத்தஞ்சரை. 30 இஞ்ச் மெஷின் முழு அகலமும் சேந்து நுழைஞ்சிரும்.

ஊருக்கு வெளிய ஒரு கிழவரு சின்ன இஞ்சின் கடை வச்சிருக்காரு. இவுகளும் அத்தையும் கூட வர, அங்க போனேன். பெரிய கடையில அட்டைப்பெட்டிக்குள்ள இருக்கதைப் பாத்து என்ன தெரியும், தள்ளிப் பாக்கணும்லா. கடைக்குப் பின்னால ஒரு மேடு பள்ளமான துண்டு நிலத்துல ஓட்டிப் பாக்க விட்டாரு. கைப்பிடிக் கம்பியை விடச் சொல்லிட்டு "ஒன் மிசிசிப்பி, டூ மிசிசிப்பி"ன்னு எண்ணினாரு. இங்க செகண்டை அப்படித்தான் எண்ணுவாங்க. மூணாவது மிசிசிப்பி வரதுக்குள்ள பிளேடு நின்னுருச்சு. 1982-ல இருந்து இது சட்டமாம், கையை விட்டா மூணு செகண்டுல பிளேடு நிக்கணும். மலிவு மெஷின்ல பிளேடு நிக்கணும்னா இஞ்சினும் சேந்து செத்துரும். கொஞ்சம் துட்டு கூடக் குடுத்தா, பிளேடு மட்டும் நிக்கும், இஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு பைன் காயைப் பொறுக்குததுக்கும் ஒரு தடவை கயிறு இழுக்கணும்னா தோள்பட்டை என்னத்துக்கு ஆகும்? துட்டு குடுக்கதுன்னா இதுக்குக் குடுக்கணும், குதிரைக்கு இல்ல.

அப்புறம் திருப்புதது. இது யாருமே சொல்லாத சங்கதி கோமு. 21 இஞ்சைக் கைப்பிடியை அமுக்கினா மூக்கைத் தூக்கிக்கிட்டுத் திரும்பிரும். 30-க்கு மூக்கு நீளம், அறுபத்தஞ்சு கிலோ பக்கம் வரும். வேலி ஓரம் போய் அமுக்குதேன், அசையல. இவுக "இங்க குடு"ன்னு வாங்கி ஒரே அமுக்கா அமுக்கி, முதுகைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னாக. அத்தை கார்ல இருந்து இறங்கி வந்துட்டாக. கிழவரு சிரிக்கல. அமுக்காத, வேலிக்கு முன்னமே வளைய ஆரம்பி, இடம் இல்லாட்டி கார் திருப்புதாப்புல முன்னும் பின்னும் எடுத்துத் திருப்புன்னு காட்டினாரு. ரெண்டாவது சுத்துலயே கைக்கு வந்துருச்சு. சரிவுல குறுக்க ஓட்டியும் பாத்தேன். பிடிச்சு நின்னுச்சு.

அகலத்துக்கு ஒரு குணம் உண்டு, மேடு பள்ளத்தைத் தழுவாது. மேட்டுல உரசிப் புல்லை வேரோட சீவிரும், பள்ளத்துல அப்படியே விட்டுரும். அந்தத் துண்டு நிலத்தை நான் வெட்டி முடிச்சப்ப அரைகுறையா முடி இறக்கின தலை மாதிரி இருந்துச்சு. உயரத்தை ஒரு படி ஏத்தி வைன்னாரு, சரியாப் போச்சு. 30 இஞ்சுல பிளேடு ரெண்டு, ஒண்ணோட ஒண்ணு இடிக்காம ஓடணும், நடுவுல பெல்ட். அதனால பராமரிப்பும் கூட. ஈரத்துல எடுக்கவே கூடாது. இங்க மண்ணு செக்கச் செவேல்னு களிமண்ணு, மழை பெஞ்ச மறுநா இந்தக் கனத்தை ஏத்தினா சக்கரத் தடம் அப்படியே காஞ்சு நிக்கும்.

பையன் போன்ல ஒரு பாட்டம் பாடினான், பாட்டரி மெஷின் வாங்கும்மான்னு. கலிபோர்னியாவுல 2024-ல இருந்து புதுசாத் தயாரிக்கத பெட்ரோல் மோவரையெல்லாம் விக்க முடியாத மாதிரி ஆக்கிட்டாகளாம். 30 இஞ்சுலயும் பாட்டரி வந்திருக்கு, சத்தமும் கம்மி. ஆனா மே மாசத்துப் பெஸ்கியூ கொழுத்து நிக்கும்போது அத்தனை அகலத்தை இழுக்கதுக்குப் பாட்டரி எவ்வளவு தின்னும்னு எனக்குப் பயம். சார்ஜுக்காகப் பாதித் தரையில நிக்கத பொறுமை எனக்கு இல்ல. 21 இஞ்சா இருந்தா யோசிக்காமப் பாட்டரிதான் எடுத்திருப்பேன்.

ஆள் வச்சு வெட்டினா என்னன்னு அத்தை கேட்டாக. ஒரு தடவைக்கு அறுபது டாலர் கேக்கான், மார்ச்சுல இருந்து நவம்பர் வரைக்கும் கூட்டிப் பாரு. ஒரே வருசத்துல மெஷின் விலை கழிஞ்சுரும். அதோட அவன் அருகம்புல்லையும் ஒரேயடியா வழிச்சுட்டுப் போயிருவான்.

ஆக, 30 இஞ்ச், ரெண்டு பிளேடு, பிளேடு தனியா நிக்கது, பெட்ரோல். போன வாரம் வந்து இறங்குச்சு. புல்லை அள்ளுத பையைக் கழட்டி வச்சுட்டேன், அவ்வளவு பெரிய பை நிறைஞ்சா யாரு தூக்க? பொடியா அரைச்சு அங்கயே விட்டா மண்ணுக்கு உரம். பெட்ரோல்ல பத்துச் சதவீதத்துக்கு மேல எத்தனால் கலந்ததை ஊத்தக்கூடாது, பனிக்காலத்துக்கு முன்ன டாங்கைக் காலி பண்ணணும்னு கிழவரு எழுதிக் குடுத்த சீட்டை காரேஜ் சுவத்துல ஒட்டியிருக்கேன். இவுக அதை வாசிச்சுட்டு மாநாட்டுல தன் சொந்த அறிவு மாதிரி எடுத்து விட்டுக்கிட்டு இருக்காக. இருக்கட்டும்.

தூணைப் பேத்த அண்ணாச்சி நேத்து வந்து மெஷினைச் சுத்திச் சுத்திப் பாத்தாரு. ஒரு நாளைக்குத் தருவியாம்மான்னு கேட்டாரு. அவரு வீட்டுக்கு இது எதுக்கு, அவருக்குத்தான் 36 இருக்கேன்னு முழிச்சேன். அவரு இன்னும் அதைத் திருப்பப் படிக்கலையாம். அந்தக்கா சொன்னாக, ராத்திரி. இதை அண்ணன்கிட்ட மூச்சு விட்டுராத.

உன் நாத்தனா மக கல்யாணத்துல யாரு யாருகிட்ட முகம் குடுத்துப் பேசலைங்கத விவரம் எனக்கு இன்னும் வந்து சேரல. பந்தியில அந்த மதுரைக்காரங்க எந்திரிச்சுப் போனது நெசமா? எழுதியே அனுப்பு. வாட்சப்புல பேசி அனுப்பாத, அத்தை கேட்டுருவாக.

உன்
செல்லம்மா