அறையும் சோறும்

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிகள் வெளியாகும் நாட்களில், உயர்தர வகுப்பிற்குக் கற்பிக்கும் எம்மைத் தேடி மாணவர் வருவர். எந்தப் பாடத்தைச் சிறப்பாகப் பயிலலாம் என்று கேட்போர் அவருட் சிலரே. பெரும்பாலோர் தயங்கித் தயங்கிக் கேட்பவை இரண்டு வினாக்கள். எங்கே தங்குவது? எங்கே உண்பது? இவற்றை அற்ப வினாக்கள் என்று எண்ணுவோர் உளர். வாடகையையும் பசியையும் அறியாத வீட்டில் வளர்ந்தோர்க்கு அவ்வாறு தோன்றுதல் இயல்பே. எமக்கு அவ்வாறு தோன்றுவதில்லை.

1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் இந்நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஏழையின் பிள்ளையும் பல்கலைக்கழக வாயிலை அடையலாம் என்ற நிலை அதன் பேறு. இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இல் பேராதனைக்குக் குடிபெயர்ந்தபோது அது ஒரு வதிவிடப் பல்கலைக்கழகமாகவே அமைக்கப்பட்டது. விரிவுரையும் நூலகமும் எவ்வளவு தேவையோ, அவ்வளவு தேவை மாணவனுக்கு ஓர் அறையும் மூன்று வேளை உணவும் என்ற எண்ணம் அதில் அடங்கியிருந்தது. பின்னர் மாணவர் தொகை பெருகிற்று, வளாகங்கள் பெருகின. 1974 இல் யாழ்ப்பாணத்திலும் ஒரு வளாகம் எழுந்தது. விடுதிகளோ அந்த வேகத்தில் எழவில்லை. ஆதலால், கல்விக்குக் கட்டணம் இல்லாத நாட்டிலே கல்வி கற்கும் இடத்திற்கு அருகில் வாழ்வதற்குக் கட்டணம் உண்டு. அதனைத் தனியார் வீடுகளே நிருணயிக்கின்றன.

விடுதியில் இடங்கிடைத்தால் அதனையே ஏற்குமாறு நாம் மாணவர்க்குக் கூறுவோம். பகிடிவதைக்கு அஞ்சி விடுதியை வேண்டாமென்போர் உண்டு. அவ்வச்சத்தை நாம் எள்ளி நகையாடுவதில்லை. 1997 இல் பேராதனையிற் பொறியியல் மாணவர் ஒருவர் அக்கொடுமையால் உயிரிழந்தார். அடுத்த ஆண்டே பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறிற்று. ஆனால் பகிடிவதைக்கு மருந்து, விடுதியை விட்டு ஓடுதல் அன்று. சட்டத்தை அறிந்து, சக மாணவருடன் சேர்ந்து எதிர்த்து நிற்றலே.

விடுதி கிடையாதோர் திருநெல்வேலியிலும் கொக்குவிலிலும் கோண்டாவிலிலும் வீடு வீடாக ஏறி இறங்குவர். அறையைப் பார்க்கும்போது வாடகையை மாத்திரம் கேட்டல் போதாது. கிணற்றிற் கோடையிலும் நீர் உண்டா? இரவு பன்னிரண்டு மணிவரை விளக்கெரித்துப் படிக்க வீட்டுக்காரர் இசைவாரா? அடுப்பு வைக்க ஓர் ஒதுக்கிடம் உண்டா? முற்பணத்திற்குப் பற்றுச்சீட்டுத் தருவாரா? இவை யாவும் கேட்கவேண்டியவை.

ஆனால் இவ்வினாக்களுக்கு முன்பே, வீட்டுக்காரர் கேட்கும் ஒரு வினா உண்டு. நாம் மாணவராயிருந்த காலத்தில் நண்பர் ஒருவருடன் ஓர் அறை பார்க்கச் சென்றோம். வீட்டுக்கார அம்மா அன்போடு வரவேற்று, தேநீரும் தந்தார். பின்னர், "தம்பியவை எந்த ஊர்?" என்றார். ஊரைச் சொன்னோம். "அங்கை எந்தப் பக்கம்? கோயிலுக்குக் கிட்டவோ?" என்றார். நண்பர் உண்மையையே சொன்னார். சிறிது நேரம் மௌனமாயிருந்த அவர், "அறையை வேறை பிள்ளையளுக்குச் சொல்லிப்போட்டம், தம்பி" என்றார். இரண்டு வாரங்களின் பின்னரும் அவ்வீட்டு மதிலில் 'அறை வாடகைக்கு' என்ற அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 இல் வந்தது. எனினும் தேநீர்க்கடைகளின் கதவுகளைத் திறந்தவை 1960களில் ஒடுக்கப்பட்ட மக்கள் நடத்திய போராட்டங்களே. இன்று தேநீர்க்கடையில் எவரும் ஊரை விசாரிப்பதில்லை. ஆனால் வாடகை அறையின் வாயிலிலே சாதி இனிய குரலிற் பேசுகிறது. படித்த குடும்பங்களே அவ்வாறு பேசுகின்றன என்பதுதான் எமக்குப் பெருந்துயர்.

இனி, உணவு. மகாபொல புலமைப்பரிசிலின் மாதத்தொகை 2025 இல் 5000 ரூபாவிலிருந்து 7500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. முப்பது நாட்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 250 ரூபா. மூன்று வேளை உணவு, பஸ் கட்டணம், கொப்பி, நிழற்பிரதி யாவும் அதற்குள் அடங்குமா என்பதை வாசகரே கணக்கிட்டுக் கொள்ளட்டும். வீட்டிலிருந்து பணம் வரும் என்பாரும் உளர். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 1350 ரூபாவென நிருணயிக்கப்பட்டதே 2024 இல் தான். கொழுந்து பறிக்கும் தாய் எத்தனை நாட்கூலியை மகனின் அறைக்கு அனுப்ப முடியும்? 2022 செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியபோது, ஒரு சோற்றுப் பார்சலை இருவர் பகிர்ந்துண்டதையும், காலையுணவை அடியோடு கைவிட்டதையும் எம்மிடம் படித்துச் சென்ற மாணவர் வந்து கூறினர். பசித்த வயிற்றோடு விரிவுரையில் உறங்கும் மாணவனைச் சோம்பேறி என்று ஏசுதல் எளிது.

கடைச் சாப்பாடு, வீடொன்றில் மாதக்கணக்குச் சாப்பாடு, சொந்தச் சமையல் என மூன்று வழிகள் உண்டு. நாம் பரிந்துரைப்பது கூட்டுச் சமையல். எமது காலத்தில் ஐவர் சேர்ந்து சமைத்தோம். பதுளையிலிருந்து வந்தவர் ரொட்டியும் கட்டைச் சம்பலும் செய்யப் பழக்கினார். மட்டக்களப்பு நண்பரின் மீன் சொதிக்கு இணையானதை நாம் இன்றுவரை உண்டதில்லை. திருநெல்வேலிச் சந்தையில் மாலையில் மலிந்த கீரையும் மரவள்ளியும் வாங்கி, முறை வைத்துச் சமைத்ததால் செலவு குறைந்தது, காலையிலும் பசியாறினோம். மேற்சொன்ன நண்பரும் அந்த ஐவருள் ஒருவர். அவர் சமைத்த நாளிலும் பானை வெறுமையாகவே கழுவப்பட்டது.

இது புதிய செய்தியன்று. 1920களின் இறுதியில் யாழ்ப்பாணப் பாடசாலைகளிற் சமாசனமும் சமபோசனமும் வேண்டுமென முற்போக்காளர் போராடினர். வாலிபர் காங்கிரஸ் அவர்களோடு நின்றது. ஒரே வாங்கிலிருந்து படித்தலும் ஒரே பந்தியிலிருந்து உண்ணுதலும் கல்வியின் பகுதிகளே என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அந்தப் பந்தி இன்னும் முற்றுப்பெறவில்லை.

போதிய விடுதிகளைக் கட்டுதல் அரசின் கடமை. மாணவர் அமைப்புகள் அதனை இடைவிடாது கேட்கவேண்டும். புலமைப்பரிசில் விலைவாசியோடு உயரவேண்டும் என்பதையும் கேட்கவேண்டும். அதுவரை ஆசிரியராகிய நாம் வாளாவிருத்தல் ஆகாது. எமது பாடசாலையிற் பழைய மாணவரின் உதவியோடு ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். ஊரையும் பக்கத்தையும் விசாரியாது அறை தரும் வீடுகளின் முகவரிகளும், அங்கே அடுப்பு வைக்க இடமுண்டா என்ற குறிப்பும் அதில் உள்ளன. தொடங்கியபோது ஏழு முகவரிகள்; இப்போது பத்தொன்பது. ஒவ்வொரு பாடசாலையிலும் இத்தகைய கொப்பி ஒன்று இருக்குமாயின், முதலாண்டு மாணவர் எவரும் அந்த அட்டை தொங்கும் மதிலின் முன்னே அவமானப்பட்டு நிற்க நேராது.