கரி தோண்டிய ஊர்

மலாய் மொழியில் 'பத்து ஆராங்' என்றால் நிலக்கரி. அந்தப் பெயரிலேயே ஓர் ஊர் நம் சிலாங்கூரில், ரவாங்குக்கு அருகில் இருப்பதை உங்களில் எத்தனை பேர் அறிவீர்கள்? சென்ற பள்ளி விடுமுறையில் எங்கள் தோட்ட இளைஞர் மன்றத்தார் இருபது பேருடன் அங்கே நடைப்பயணம் போய் வந்தேன்.

ஜே. ஏ. ரசல் என்ற துரையின் மலாயன் கோலியரிஸ் கம்பெனி 1915-இல் இங்கே கரி எடுக்கத் தொடங்கியது. குவாங்கிலிருந்து தனி இரயில் பாதை போட்டார்கள். மலாயாவின் இரயில் எஞ்சின்கள், ஈய லம்பங்கள், மின்சார நிலையம் எல்லாம் இந்தக் கரியைத் தின்றே ஓடின. இன்று செங்கல் சூளையின் உயர்ந்த புகைபோக்கி மட்டும் புகையின்றி நிற்கிறது.

வழியில் நீலமாய் ஒரு நீர்நிலை. பையன்கள் குளிக்கத் துடித்தார்கள், நான் விடவில்லை. அது ஏரியல்ல, கரி வெட்டிய பள்ளம். கரையை விட்டு இறங்கினாலே ஆழம். பழைய சுரங்க வாய் எதிலும் நுழையக்கூடாது என்று முன்பே கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

1937 மார்ச்சில் இங்கே ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், பெரும்பாலும் சீனர்கள், வேலை நிறுத்தம் செய்தார்கள். கூலி உயர வேண்டும், குத்தகைக்காரர் முறை ஒழிய வேண்டும் என்பது கோரிக்கை. சுரங்கமே சில நாள் அவர்கள் கையில் இருந்தது. பிறகு போலீஸ் படை புகுந்தது. (கங்காணியிடம் கைகட்டி நின்ற நமக்குக் குத்தகைக்காரரைப் பற்றி விளக்க வேண்டுமா?) நான்கு ஆண்டு கழித்து, 1941-இல், கிள்ளான் தோட்டங்களில் நம்மவர்களும் எழுந்தார்கள்.

எண்ணெய் வந்தது, கரிக்கு மதிப்புப் போயிற்று. 1960-இல் சுரங்கத்தை மூடினார்கள்.

"மூடினப்புறம் இவங்கெல்லாம் எங்க சார் போனாங்க?" என்றான் ஒருவன். அவன் தகப்பனார் பால் வெட்டிய தோட்டம் போன வருடம்தான் வீடமைப்புக்கு விலை போனது. என்னிடம் சட்டென்று பதில் இல்லை.

பதில் சொன்னது தேநீர்க் கடையில் இருந்த ஒரு பாட்டி. அவர் தகப்பனார் சுரங்கத்தில் இறங்கியவர். பாதிப் பேர் பிழைப்புத் தேடிப் போய்விட்டார்களாம். கடைசிச் சம்பளம் வாங்கி வந்த அன்று, கரி படிந்த சட்டையைத் துவைக்க வேண்டாமென்று அவர் சொல்லிவிட்டாராம். "அம்மா அதை அப்படியே மடிச்சு வச்சாங்க, தம்பி." பையன் நோட்டில் எழுதிக்கொண்டான்.

போக நினைப்பவர்கள் கெட்டியான காலணி போட்டு, தண்ணீர் எடுத்துக்கொண்டு காலையிலேயே கிளம்புங்கள். புதரில் அட்டை உண்டு. கடைத்தெருவுக்குக் கட்டாயம் போங்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுங்கள்.