பதினாறாவது நுனி

எங்கள் பங்குக் கோயிலின் கெபிக்கு முன்னே நிற்கும் மரப்பந்தலை என் தந்தையார் 1968ஆம் ஆண்டில் அமைத்தார். நான்கு தூண்கள், அவற்றின்மேல் நீளவாக்கில் இரண்டு உத்தரங்கள், உத்தரங்களுக்குக் குறுக்கே எட்டுச் சட்டங்கள். ஒவ்வொரு சட்டமும் இருபுறமும் உத்தரத்தைத் தாண்டி ஒன்றரை அடி வெளியே நீண்டிருக்கும். அந்தப் பதினாறு நுனிகளையும் வெறும் கட்டையாக விட்டுவிட அவருக்கு மனம் ஒப்பவில்லை. மேலே கொடி படர்ந்து எல்லாவற்றையும் மூடினாலும், வருகிறவர் கண்ணில் முதலில் படுவது நுனிதான் என்பார்.

எங்கள் குமரி மாவட்டத் தச்சருக்கு இது புதிய வேலையன்று. பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலைகளைக் காட்ட அவர் என்னைச் சிறுவயதில் நடத்தியே அழைத்துச் சென்றதுண்டு. கல்லில்கூட இதன் சாயலைக் காணலாம். தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகை, பல்லவர் குடைவரைகளில் அடிப்பக்கம் வளைந்த எளிய கட்டையாக இருக்கிறது. விஜயநகர காலத்திலோ அதன் நுனி வாழைப்பூவாகத் தொங்குகிறது. மரத்தில் பழகிய வடிவத்தையே கல்லிலும் செதுக்கினர் என்று எண்ணுகிறேன்.

பந்தலுக்கான மரம் தானமாகக் கிடைத்தது. கைம்பெண்ணான ஓர் ஏழைத் தாய், தம் கொல்லையில் நின்ற அயனி மரத்தைக் கெபிக்கென்று கொடுத்துவிட்டார். எட்டுச் சட்டங்களுக்கு மேல் அதில் ஒரு துண்டும் மிஞ்சவில்லை.

தகரத்தில் வெட்டிய மாதிரியை வைத்து அப்பா சட்டத்தின் இரு முகங்களிலும் வளைவைக் கீறினார். உத்தரத்திலிருந்து நான்கு விரல் தள்ளித் தொடங்கி, முதலில் புடைத்து, பின்பு குழிந்து, அன்னத்தின் கழுத்தைப்போல் நுனியில் மெலியும் வளைவு. "ஒரு முகத்தில் மட்டும் கோடு போடுகிறவன் மறுமுகத்தைப் பார்த்து அழுவான்" என்பது அவர் வழக்கு. நான்கு அங்குலக் கனமுள்ள மரத்தில் வாள் சற்றே சாய்ந்தாலும் அடுத்த பக்கம் கோட்டை விட்டு விலகிவிடும். ஆகவே சட்டத்தைக் கவிழ்த்து வைத்து, விரலிடை விட்டு விட்டு, கோட்டுக்கு ஒரு நூல் முன்பாகவே நிற்கும்படி நேராக அறுப்பார். இடையில் நிற்கும் துண்டுகளைக் கொட்டாப்புளியால் தட்டி எடுத்தபின், உளியும் அரமும் வளைவைச் செம்மையாக்கும்.

உளிக்கு ஒரே விதி. பருத்த பக்கத்திலிருந்து நுனியை நோக்கியே அது இறங்கவேண்டும். நுனியிலிருந்து உள்நோக்கிச் செலுத்தினால் இழை பிளந்து, கோட்டைத் தாண்டி ஓடிவிடும்.

எனக்கு அப்போது வயது 17. பதினைந்து நுனிகள் முடிந்துவிட்டன. கடைசி நுனியை அப்பா என்னிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்றார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, விளையாட்டுத் திடலில் நண்பர்களின் கூச்சல். நான் நின்ற பக்கத்திலிருந்தே உளியை ஓட்டினேன். ஓரடி நீளத்துக்கு மரம் வாய் பிளந்தது.

அப்பா வந்து குனிந்து பார்த்தார். அடிக்கவில்லை; வெடிப்பின்மேல் விரலை மட்டும் ஓட்டினார். "நுனி தன்னைத்தான் சுமக்கும், மக்களே. அதனால்தான் அங்கே செதுக்க நமக்கு உரிமை. உத்தரத்தை நெருங்க நெருங்கப் பாரம் ஏறும். இந்த வெடிப்பை அங்கே போகவிடக் கூடாது" என்றார். பிறகு, ஓரடியையும் அறுத்துத் தள்ளினார். மிஞ்சிய அரையடியில் சிறியதொரு வளைவை அவரே செதுக்கினார். அதன்பின் சொன்னதுதான் கடினமாயிருந்தது: "மரம் தந்தவரிடம் நீயே போய்ச் சொல்லிவிட்டு வா."

அந்த அம்மாளின் வீட்டுக்கு எத்தனை சுற்று வழிகள் உண்டோ அத்தனையிலும் நடந்து போனேன். முற்றத்தில் ஓலை முடைந்துகொண்டிருந்தார். உளறிக் கொட்டி முடித்தேன். அவர் என் இரு கைகளையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "உளி கையில் படவில்லையே?" என்று கேட்டார். மரத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை.

அப்பா நுனிகளின் வெட்டுமுகங்களுக்கு மட்டும் முந்திரிக்கொட்டை எண்ணெயை மூன்று முறை பூசினார். மரம் தண்ணீர் குடிப்பது பக்கங்களைவிட வெட்டுமுகத்தின் வழியாகவே அதிகம். அவர் இருந்தவரை மழைக்காலத்துக்கு முன்பு ஆண்டுதோறும் ஏணியும் எண்ணெயுமாகப் போய்வருவார். அவருக்குப்பின் அதைச் செய்வாரில்லை. என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

2019இல் பார்த்தபோது மேற்குப் பக்கத்து இரண்டு சட்டங்கள் நுனியில் மட்கியிருந்தன. புதிய சட்டங்களை வெட்ட வந்த இளைஞர் மின்வாளை ஓட்டினார். மேல்முகத்தில் கோடு பிசகவில்லை. அலகு வளைந்ததால் அடிமுகத்தில் கால் அங்குலம் விலகிவிட்டது. கெட்டிக்காரர். அதன்பின் கோட்டுக்கு வெளியே தாராளமாக மின்வாளால் அறுத்து, மீதியை உளியால் முடித்தார். வீட்டு ஆணியில் தொங்கிய அப்பாவின் தகரம்தான் மாதிரி.

வேலை முடியும் தறுவாயில் குட்டை நுனியை அவர் கவனித்தார். "இதையும் ஒட்டுப்போட்டு நீட்டிவிடட்டுமா, ஐயா? வரிசை ஒன்றாகிவிடும்" என்றார்.

வேண்டாம் என்றேன். அதற்கும் மூன்று முறை எண்ணெய் பூசச் சொல்லி, ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.