மலையுச்சியில் ஒரு முனையம்

2020 மார்ச் மாதத்தில் இலங்கைப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, கலைப்பீட இறுதியாண்டு மாணவி ஒருத்தி மஸ்கெலியாவிலுள்ள தன் தோட்டத்திற்குத் திரும்பினாள். தோட்ட மக்களின் பேச்சுவழக்கைப் பற்றியது அவளது ஆய்வேடு. அதற்காகத் திரட்டிய சொற்றொகுதி முழுவதும் பல்கலைக்கழகக் கணினியிலேயே தங்கிவிட்டது.

லயத்திலே சிக்னல் இல்லை. தேயிலை மலையின் உச்சியில், 1969இல் பழைய மஸ்கெலியா நகரைத் தன்னுள் அடக்கிக்கொண்ட மவுசாக்கலை நீர்த்தேக்கம் தெரியும் பாறையொன்றிலேதான் அது சிறிதளவு கிடைத்தது. காணொளி விரிவுரைகள் அங்கு ஒரு நிமிடமேனும் தொடர்ந்து ஓடியதில்லை. ஆயினும் பல்கலைக்கழகக் கணினியுடன் அவளால் வேலை செய்ய முடிந்தது. அதற்குத் துணைநின்றது முனையத்தைப் போல நடிக்கும் ஒரு சிறு மென்பொருளாகும்.

முனையம் என்பது முற்காலத்தில் திரையும் விசைப்பலகையும் கொண்ட கருவி. கணிக்கும் பொறுப்பு எங்கோ இருக்கும் பெருங்கணினியினுடையது. 1978இல் வெளிவந்த வீ.ரீ.100 என்னும் முனையத்தின் நடத்தையையே இன்றைய மென்பொருள்களும் பெரிதும் பின்பற்றுகின்றன. அதன் திரையில் 24 வரிகள், வரிக்கு 80 எழுத்துகள். ஆக மொத்தம் 1,920. தட்டிய எழுத்து செல்கிறது, விடையும் எழுத்தாகவே வருகிறது. ஒரு நிழற்படத்தைச் சுமக்க மாட்டாத தொடர்புக்கும் இது பாரமன்று.

தொடர்பு அறுந்தால் ஓடிக்கொண்டிருக்கும் வேலையும் நின்றுவிடும் என்பதுதான் கொடுமை. சொற்களை ஒப்பிடும் அவளது நிரல் முடிவதற்கு இரண்டு மணித்தியாலம் வேண்டும். மஸ்கெலியா மழையோ அவ்வளவு நேரம் பொறுப்பதில்லை. மும்முறை வீணான பின்னர், விரிவுரையாளர் ஒருவர் 1987 முதல் வழக்கிலுள்ள 'ஸ்கிரீன்' என்னும் நிரலைப் பற்றிச் சொன்னார். அது வேலையை அப்பாலுள்ள கணினியிலேயே காத்து நிற்கும். மாலை நனைந்தபடி இறங்கியவள், மறுநாட் காலை ஏறிவந்து முடிவைக் கண்டாள்.

ஆனால் தமிழ்? முனையத் திரை கட்டங்களால் ஆனது. கட்டத்தின் அளவோ ஆங்கில எழுத்துக்கு வகுத்தது. 'கொழுந்து' என்ற சொல்லில் கொம்பும் காலும் ககரத்தை விட்டு விலகி நின்றன. கோப்பில் எழுத்துச் சரியே, திரையில்தான் பிழை. எனினும் அப்படிச் சிதைந்த சொற்களில் எழுத்துப்பிழை பார்ப்பது எங்ஙனம்? ஆகவே பட்டியலைச் சிறிது சிறிதாக மடிக்கணினிக்கு இறக்கி, இரவில் லயத்திலிருந்து திருத்தி, விடிந்ததும் மலையேறித் திருப்பி அனுப்பினாள்.